சுவரை மூடுறதுக்கு முன்னாடி: டிரெயின் லைன், வென்ட் லைன்ல எந்த அறிகுறிக்கு எந்த பிழை

வீட்டை ரீமாடல் பண்றப்போ பாத்ரூம் கிச்சன் பைப் எல்லாம் போட்டு முடிச்சு, பூச்சும் டைல்ஸும் வர்றதுக்கு நடுவுல ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். அந்த நேரத்துல எல்லா ஜாயின்ட்டும் கண்ணுக்குத் தெரியும், கை எட்டும், எது தப்பா இருந்தாலும் ஒரு ரம்பமும் ரெண்டு கப்ளரும் கொஞ்சம் சால்வென்ட்டும் (பிவிசி பைப்பையும் ஃபிட்டிங்கையும் சேர்க்கிற திரவம்) இருந்தா உடனே சரி பண்ணிடலாம். அதே தப்பு மூடினதுக்கு அப்புறம் தெரிஞ்சா டைல்ஸை உடைக்கணும், வாட்டர்ப்ரூஃபிங்கைப் பிரிக்கணும், கீழ் வீட்டு சீலிங்கையும் பார்க்கணும். அதனால இந்த இடைவெளியை யாரும் அவசரப்படுத்த விடாதீங்க, டைல்ஸ் போடுறவங்க வாசல்ல வந்து நின்னாலும் சரி.

செக் பண்றதுல ரெண்டு டெஸ்ட் இருக்கு. ஒண்ணு தண்ணியை நிரப்பி நிறுத்தி வைக்கிறது, இன்னொண்ணு தண்ணியை ஓட விடுறது. நிறைய பேர் முதல் டெஸ்ட்டை மட்டும் பண்ணிட்டு "லீக் இல்ல, மூடிடலாம்"னு சொல்லிடுறாங்க. ஆனா நிறுத்துற டெஸ்ட் லீக்கை மட்டும்தான் காட்டும், வாட்டம் (பைப்போட சரிவு) தப்பா இருக்கிறதையோ வென்ட் (டிரெயின் லைனுக்குக் காத்து தர்ற பைப்) வேலை செய்யாததையோ அது காட்டவே காட்டாது. எதிர்வாட்டத்துல போட்ட பைப் கூட 15 நிமிஷம் ஒரு சொட்டு விடாம தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். மூடின பிறகு வர்ற தலைவலியில பாதிக்கு மேல ரெண்டாவது டெஸ்ட்டைப் பண்ணாததால வர்றதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

கையில வேண்டியது: லைனோட கடைசியை அடைக்க ஒரு டெஸ்ட் பிளக் (திருகினா ரப்பர் விரியிற வகையும் இருக்கு, காத்தடிக்கிற பலூன் வகையும் இருக்கு), மத்த வாய்களுக்கு எண்ட் கேப், ரெண்டு பெரிய பக்கெட், டார்ச், சின்ன முகம் பார்க்கிற கண்ணாடி, ரசமட்டம், டேப், மார்க்கர், டிஷ்யூ பேப்பர், அப்புறம் ஒரு மீட்டர் நீளத்துக்கு உள்ள தெரியிற பிளாஸ்டிக் ட்யூப். இந்த ட்யூப் எதுக்குன்னு வென்ட் பகுதியில சொல்றேன், அதை விட்டுடாதீங்க.

சால்வென்ட் போட்ட ஜாயின்ட் காய்ஞ்சிருக்கணும். டப்பால போட்டிருக்கிற நேரத்தைப் பாருங்க, குளிர்லயும் ஈரத்துலயும் அது இன்னும் நீளும், ஒரு முழு நாள் விட்டுட்டு தண்ணி நிரப்பினா கவலை இல்ல.

பிவிசி பைப்ல கம்ப்ரஸர் வச்சு காத்தடிச்சு டெஸ்ட் பண்ணாதீங்க. தண்ணி அழுத்தத்துல சுருங்காது, பைப் விட்டாலும் ஒழுகும், அவ்வளவுதான். காத்து சுருங்கி சக்தியைச் சேர்த்து வச்சுக்கும், பைப் வெடிச்சா பிளாஸ்டிக் துண்டுகள் கத்தி மாதிரி பறக்கும். பைப் தயாரிக்கிற கம்பெனிகளே இதை வேண்டாம்னு சொல்றாங்க.

எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம்? அமெரிக்காவுல பரவலா பின்பற்றுற ஐபிசி (International Plumbing Code) பிளம்பிங் விதிப்படி டெஸ்ட் பண்ற ஒவ்வொரு ஜாயின்ட் மேலயும் குறைஞ்சது 10 அடி தண்ணி நிக்கணும் (லைனோட மேல் 10 அடிக்கு மட்டும் அது முடியாது, அங்க மேல வரைக்கும் நிரப்பினா போதும்), 15 நிமிஷம் மட்டம் அசையக்கூடாது. உங்க ஊர் விதி வேற சொன்னா அதுதான் கணக்கு. ஆனா விதி 15 நிமிஷம்னு சொன்னாலும் ஒரு ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கன்னுதான் நான் சொல்வேன், மெதுவா கசியிற ஜாயின்ட் 15 நிமிஷத்துல பிடிபடாது.

ஒரு எச்சரிக்கை. 4 இன்ச் பைப்ல 10 அடி தண்ணி நின்னா அடியில இருக்கிற பிளக்கை அது சுமார் 25 கிலோ எடையோட தள்ளிட்டு இருக்கும். முடிச்சிட்டு பிளக்கை நேருக்கு நேர் நின்னு சட்டுனு கழட்டாதீங்க, பக்கத்துல நின்னு மெல்ல தளர்த்தி தண்ணியை கசிய விட்டு இறக்குங்க.

தண்ணி மட்டம் இறங்குது

பதறாதீங்க. நிரப்பினவுடனே கொஞ்சம் இறங்குறது சகஜம், படுக்கைப் பைப்ல சிக்கின காத்துக் குமிழ் மெல்ல மேல வரும். பைப்பை அங்கங்க கையால தட்டி விட்டு, கால் மணி நேரம் கழிச்சு மறுபடி வாய் வரைக்கும் நிரப்பி, அப்போ மார்க்கர்ல கோடு போடுங்க. அந்தக் கோட்டுலேந்துதான் டெஸ்ட் ஆரம்பம்.

அப்புறமும் இறங்கினா முதல் சந்தேகம் பிளக் மேலதான். பிளக்கைச் சுத்தி கண்ணாடி வச்சு பாருங்க, ரப்பருக்கும் பைப்புக்கும் நடுவுல மணலோ சிமென்ட் தூளோ இருந்தா அது வழியா மெல்ல வழியும், ஊர்ல இருக்கிற ஜாயின்ட்டை எல்லாம் தேடி அலைஞ்சிட்டு கடைசியில பிளக்குதான் காரணம்னு தெரிஞ்சா ஒரு நாள் வீணாப் போயிடும்.

பிளக் சரின்னா, இறங்க விடுங்க. அவசரப்பட்டு நிரப்பாதீங்க. தண்ணி லீக் இருக்கிற உயரம் வரைக்கும்தான் இறங்கும், அங்க வந்து நின்னுடும். எங்க நின்னுச்சுன்னு மேலேந்து ஒரு கயிறோ டேப்போ விட்டு அளந்து, அந்த உயரத்தை ரசமட்டம் இல்லன்னா லெவல் ட்யூப் வச்சு வீட்டுக்குள்ள எல்லா பைப் மேலயும் மார்க் பண்ணுங்க. அந்தக் கோட்டை ஒட்டி இருக்கிற ஜாயின்ட்டுல ஒண்ணுதான் குற்றவாளி. முழுக்க காலி ஆயிடுச்சுன்னா லீக் அடியில இருக்கு. ஒரே மட்டத்துல நிறைய ஜாயின்ட் இருந்தா நடுவுல பிளக் போட்டு லைனைப் பாதியாப் பிரிச்சு, எந்தப் பாதி இறங்குதுன்னு பாருங்க, அப்புறம் அந்தப் பாதியைப் பாதியாக்குங்க.

ரொம்ப வேகமா இறங்குதுன்னா, சால்வென்ட்டே போடாம அளவுக்குப் பொருத்தி வச்சிட்டு மறந்து போன ஜாயின்ட்டா இருக்கும். இது நீங்க நினைக்கிறதை விட அடிக்கடி நடக்கும். பைப் போடுறப்பவே ஒட்டின ஜாயின்ட்டுல எல்லாம் மார்க்கர்ல ஒரு குறுக்குக் கோடு போட்டுட்டே வரச் சொல்லுங்க, கோடு இல்லாத ஜாயின்ட் எதுன்னு ஒரு பார்வையில தெரிஞ்சிடும்.

மட்டம் இறங்கல, ஆனா ஜாயின்ட் ஈரமா இருக்கு

இது லீக்கா, இல்ல பைப்புக்கு வேர்க்குதா? பைப்புக்குள்ள குளிர்ந்த தண்ணி, வெளியில புழுக்கம்னா பைப் முழுக்க வேர்க்கும். துணியால நல்லா துடைச்சிட்டு ஜாயின்ட் அடியில டிஷ்யூவைச் சுத்தி வைங்க, பக்கத்துல வெறும் பைப் மேலயும் ஒண்ணு சுத்துங்க. ரெண்டும் நனைஞ்சா வேர்வை, ஜாயின்ட்டுல இருக்கிறது மட்டும் நனைஞ்சா லீக்.

லீக்னா வெளியிலேந்து சால்வென்ட் தடவுறது, எபாக்ஸி பூசுறது, துணி சுத்துறது எதுவும் வேலைக்கு ஆகாது. சால்வென்ட் பசை இல்ல, அது பிளாஸ்டிக்கை இளக்கி ரெண்டையும் ஒண்ணாக்குறது, உள்ள பிடிக்காத இடத்தை வெளியிலேந்து பிடிக்க வைக்க முடியாது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துட்டு புது ஃபிட்டிங் போடுங்க. வெட்டின முனையில பிசிறு எடுத்து, ஓரத்தை லேசா சரிவாக்கி, எவ்வளவு உள்ள போகணுமோ அங்க பென்சில்ல கோடு போட்டு, ரெண்டு பக்கமும் சால்வென்ட் தடவி, கால் சுத்து திருப்பியபடி அடி வரைக்கும் தள்ளி, அரை நிமிஷம் அமுக்கிப் பிடிக்கணும். விட்டா பைப் தானா வெளிய தள்ளும், அந்த அரை நிமிஷத்தைத்தான் நிறைய பேர் பிடிக்கிறதில்ல.

ரப்பர் ரிங் ஜாயின்ட்னா ரிங் மடங்கி இருக்கும். கழட்டி ரிங்கை உட்கார வச்சு, சோப்புத் தண்ணியோ அதுக்குன்னு இருக்கிற லூப்ரிகன்ட்டோ தடவி தள்ளுங்க. எண்ணெயும் கிரீஸும் ரப்பரைக் கெடுத்துடும். அடி வரைக்கும் தள்ளிட்டு 10 மிமீ மாதிரி வெளிய இழுத்து விடுங்க, பிவிசி சூட்டுல நீளுற பொருள், 10 மீட்டர் பைப் 20 டிகிரி சூடேறினா 12 மிமீ கிட்ட நீளும், அதுக்கு இடம் வேணும்.

பழைய வார்ப்பிரும்பு லைனோட புது பிவிசியைச் சேர்க்கிற இடம்தான் ரீமாடல்ல அதிகமா கசியும். சிமென்ட் கலவை வச்சு அடைக்கிறது நிக்காது, ரெண்டு பொருளும் வேற வேற அளவுக்கு நீளும், கலவை விரிசல் விட்டுடும். ரெண்டு வெளி விட்டத்துக்கும் ஏத்த அடாப்டர் ரப்பர் கப்ளிங், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டையோட வர்றது, அதுதான் சரி. பழைய பைப் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் மாதிரி தெரிஞ்சா ரம்பமோ கிரைண்டரோ வைக்கவே வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து, அதைக் கையாளத் தெரிஞ்சவங்களைக் கூப்பிடுங்க.

தண்ணியை விட்ட பிறகும் பைப்புக்குள்ள தேங்கி நிக்குது

ஓட விடுற டெஸ்ட் இங்கேந்து ஆரம்பிக்குது. பிளக்கை எடுத்து எல்லாம் வடிஞ்ச பிறகு, ஒவ்வொரு படுக்கை லைனோட வாயிலயும் டார்ச் அடிச்சு, தேவைப்பட்டா வளைவுல கண்ணாடி வச்சு பாருங்க. அடியில மெல்லிசா ஈரம் இருக்கலாம். குளம் மாதிரி பளபளன்னு தண்ணி நின்னா வாட்டம் தப்பு.

கணக்கு இதுதான்: 2½ இன்ச் வரைக்கும் இருக்கிற பைப்புக்கு அடிக்கு ¼ இன்ச், அதாவது மீட்டருக்கு சுமார் 20 மிமீ. 3 இன்ச், 4 இன்ச் பைப்புக்கு குறைஞ்சது அடிக்கு ⅛ இன்ச், மீட்டருக்கு சுமார் 10 மிமீ. 3 மீட்டர் ஷவர் லைன்னா ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் 60 மிமீ வித்தியாசம் வேணும். பைப்பைப் பார்த்து "கொஞ்சம் சாய்ஞ்ச மாதிரி இருக்கு"ன்னு சொல்றது அளவு இல்ல. 2 அடி ரசமட்டத்தோட ஒரு முனைக்குக் கீழ ½ இன்ச் மரத்துண்டை டேப் போட்டு ஒட்டிடுங்க, அந்த முனையை தண்ணி போற பக்கம் வச்சு பைப் மேல வைங்க, குமிழ் நடுவுல நின்னா அடிக்கு ¼ இன்ச் வாட்டம் இருக்குன்னு அர்த்தம். பைப் முழுக்க நகர்த்திட்டே வாங்க, ரெண்டு முனையை மட்டும் அளந்தா நடுவுல தொங்குறது தெரியாது.

தேக்கம் நடுவுல இருந்தா பைப் தொங்குது: கிளாம்ப் தூரம் அதிகம், படுக்கைப் பிவிசிக்கு 4 அடிக்கு ஒண்ணாவது வேணும். சன்க்கன் ஸ்லாப்ல (பாத்ரூமுக்காக தாழ்த்திப் போட்ட தளம்) உடைஞ்ச செங்கல் துண்டு மேல பைப்பை நிறுத்தி இருந்தாங்கன்னா இன்னும் மோசம், இன்னிக்கு வாட்டம் சரியா இருக்கும், மேல நிரப்புற எடை ஏறினதும் துண்டுக்கு நடுவுல பைப் இறங்கிடும். பைப்போட அடி முழுக்கத் தாங்குற மாதிரி உறுதியா படுக்கை போட்டுட்டு அப்புறம் நிரப்பச் சொல்லுங்க. தேக்கம் ஃபிட்டிங்குக்கு முன்னாடி மட்டும் இருந்தா, டீயோ பெண்டோ திரும்பி ஒட்டியிருக்கும், அதை வெட்டி மாத்துறதைத் தவிர வழி இல்ல.

ஊத்தினா கிளக் கிளக்னு சத்தம், ட்ராப்புல தண்ணி ஆடுது இல்ல காலியாகுது

இந்த அறிகுறிதான் ரொம்ப தப்பாப் புரிஞ்சுக்கப்படுறது. சத்தம் வந்தா உடனே அடைப்புன்னு சொல்லி கம்பி விட்டுக் குத்துவாங்க. பெரும்பாலும் அங்க அடைப்பே இருக்காது, காத்துதான் இருக்காது. பாட்டிலைக் கவுத்தா தண்ணி கிளக் கிளக்னு விட்டு விட்டுதான் வரும், ஏன்னா உள்ள காத்து போக வழி இல்ல. பைப்புலயும் அதேதான், கீழ போற தண்ணிக்குப் பின்னாடி காத்து வரணும், வென்ட் வழியா வரலன்னா பக்கத்துல இருக்கிற ட்ராப் (வாயு மேல வராம தண்ணி நிக்கிற வளைவு) தண்ணியை உறிஞ்சிட்டு அது வழியா வரும். ட்ராப்புல நிக்கிற தண்ணி 2 இன்ச்தான், சில வகையில 4 இன்ச் வரைக்கும். அது போயிட்டா சாக்கடை வாயு நேரா ரூமுக்குள்ள.

ரஃப்-இன் (பைப் மட்டும் போட்டு முடிச்ச நிலை) சமயத்துல ட்ராப் எதுவும் மாட்டியிருக்காதே, எப்படிப் பார்க்கிறது? அதுக்குத்தான் அந்த ட்யூப். அதை யு மாதிரி வளைச்சு, ஒரு முனையை எண்ட் கேப்ல ஓட்டை போட்டு காத்து புகாத மாதிரி சொருகி, வாஷ்பேசின் வாயில மாட்டுங்க. யு-க்குள்ள 2 இன்ச் தண்ணி ஊத்தி மட்டத்தை மார்க் பண்ணுங்க. திறந்து கிடக்கிற மத்த வாய்களை எல்லாம் மூடுங்க, இல்லன்னா காத்து அது வழியா வந்து உங்களை ஏமாத்திடும். இப்போ கமோடு வாயில ஒரு பெரிய பக்கெட் தண்ணியை சட்டுனு கொட்டச் சொல்லி ட்யூபைப் பாருங்க. கொஞ்சமா ஆடி பழைய மட்டத்துக்கே வந்தா சரி. பைப் பக்கம் உறிஞ்சப்பட்டு தண்ணி போயிட்டா அந்த பேசினுக்கு வென்ட் வேலை செய்யல. எதிர்ப்பக்கம், உங்க பக்கமா தண்ணி எகிறினா கீழ எங்கயோ காத்து அமுக்கப்படுது. இந்த ரெண்டுக்கும் காரணம் வேற வேற, அதனால எந்தப் பக்கம் போச்சுன்னு கவனிச்சு எழுதி வைங்க.

உறிஞ்சினா தேட வேண்டியது:

வென்ட் மேல வரைக்கும் போகுதா? கூரை மேல ஏறி வாயைப் பாருங்க, கௌல் (வென்ட் வாய் மூடி) உள்ள கூடு, பாலிதீன், சிமென்ட் கட்டி இருக்கலாம். கீழேந்து ஒருத்தர் தண்ணி கொட்டறப்போ வென்ட் வாயில டிஷ்யூவைப் பிடிச்சா உள்ள இழுக்கணும். நெருப்பு வச்சு பார்க்காதீங்க, சாக்கடை வாயுல மீத்தேன் இருக்கும். வென்ட் கூரைக்கு மேல போகாம பரண்லயோ ஃபால்ஸ் சீலிங் உள்ளயோ முடிஞ்சிருந்தா அது வென்ட்டே இல்ல, நாத்தத்துக்குப் போட்ட குழாய்.

ரீமாடலுக்கே உரிய பிழை இது: சுவர் இடிக்கிறப்போ தண்ணி வராத ஒரு பைப்பைப் பார்த்து "இது சும்மா காலியா போற பைப்"னு வெட்டி கேப் போட்டுடுவாங்க. அந்தக் காலி பைப்தான் வென்ட்! இடிச்ச இடத்துல கேப் போட்ட பைப் எது இருந்தாலும் அது எங்கேந்து எங்க போச்சுன்னு தெரியாம அடுத்த வேலைக்குப் போகாதீங்க.

ட்ராப்புலேந்து வென்ட் ரொம்ப தூரமா? அந்தப் படுக்கைப் பைப் மொத்தத்துல அதோட விட்டத்துக்கு மேல இறங்கக்கூடாது. இறங்கிட்டா வென்ட் சேர்ற வாய் ட்ராப்போட தண்ணி மட்டத்துக்குக் கீழ போய், தண்ணி முழுசா நிறைஞ்சு ஓடி, தன்னைத்தானே உறிஞ்சிக்கும். அடிக்கு ¼ இன்ச் வாட்டத்துல 1½ இன்ச் பைப்புக்கு அது 6 அடி, 2 இன்ச்சுக்கு 8 அடி (சில விதிகள் இதை விடக் குறைவாத்தான் அனுமதிக்கும்). இதனாலதான் வேகமாப் போகட்டும்னு இந்தத் துண்டுக்கு வாட்டத்தை அதிகமாக்கினா வேலை கெடுது, எஸ் ட்ராப் (நேரா கீழ இறங்குற எஸ் வடிவ ட்ராப்) தன்னைக் காலி பண்ணிக்கிறதும் இதே காரணத்துலதான்.

வென்ட் எங்கேந்து கிளம்புது? படுக்கை டிரெயின்லேந்து எடுத்தா பைப்போட நடுக்கோட்டுக்கு மேலேந்து எடுத்திருக்கணும். பக்கவாட்டுல படுக்க வச்சு எடுத்தா நாளடைவுல கழிவு உள்ள ஏறி அடைச்சிக்கும். அதே மாதிரி வென்ட் படுக்கையா திரும்புறது, அந்த பேசினோ சிங்க்கோ வழியிற விளிம்புக்கு 6 இன்ச் மேல போன பிறகுதான். அந்தப் படுக்கை வென்ட்டும் டிரெயின் பக்கமா லேசா சாய்ஞ்சிருக்கணும், உள்ள வேர்க்கிற தண்ணி வடியணும்.

ஏர் அட்மிட்டன்ஸ் வால்வ் போடலாம்னு சொல்வாங்க. சில இடத்துல வேற வழி இருக்காது, சரிதான். ஆனா அது உள்ள காத்தை விடும், வெளிய விடாது. அதனால அமுக்கம் வர்ற இடத்துக்கு அது மருந்து இல்ல, வீட்டுல ஒரு வென்ட்டாவது கூரை வழியா திறந்திருக்கணும். அந்த வால்வை சுவருக்குள்ள புதைச்சு டைல்ஸ் ஒட்டவும் கூடாது, ஒரு நாள் கெட்டுப்போகும், கை எட்டணும், காத்தும் எட்டணும்.

எகிறினா கதை வேற. மேல் மாடி தண்ணி மெயின் பைப்ல கீழ விழுந்து படுக்கையாத் திரும்புற இடத்துல வேகம் குறைஞ்சு குவியும், அதுக்கு முன்னாடி இருக்கிற காத்து அமுக்கப்படும். அந்தத் திருப்பத்துக்குப் பக்கத்துலயே கீழ் மாடி பாத்ரூம் லைனைச் சேர்த்திருந்தா ட்ராப் தண்ணி எகிறும், நுரையும் வரும். திருப்பத்துலேந்து பைப் விட்டத்தோட 10 மடங்கு தள்ளி சேர்க்கணும், 4 இன்ச்சுக்கு 40 இன்ச். திருப்பத்துல ஷார்ட் எல்போ போட்டிருந்தா அதை எடுத்துட்டு ரெண்டு 45 டிகிரி பெண்ட், இல்ல நீள வளைவு பெண்ட் போடுங்க.

கமோடு வாயில ஊத்தினா ஷவர் வாயில தண்ணி ஏறுது

ரெண்டு சாத்தியம். சேர்ற இடத்துக்கு அப்பால அடைப்போ எதிர்வாட்டமோ இருக்கு, இல்லன்னா சேர்ற ஃபிட்டிங் தப்பு. முதல்ல அப்பால இருக்கிற சேம்பரை (லைனைப் பார்க்கிறதுக்கான தொட்டி) திறந்து பாருங்க, ஊத்தின தண்ணி அங்க உடனே, ஒரே வேகத்துல வருதா? வந்தா லைன் சரி, ஃபிட்டிங்கைப் பாருங்க. படுக்கை லைனோட படுக்கை லைன் சேர்ற இடத்துல நேர் டீ போட்டிருப்பாங்க, வர்ற தண்ணி எதிர்ச் சுவர்ல மோதி ரெண்டு பக்கமும் போகும், அதுல பாதி ஷவர் பக்கம். அங்க ஒய்யும் (Y வடிவ ஃபிட்டிங்) 45 டிகிரி பெண்டும்தான் போடணும், ஓட்டத் திசையில சாய்ஞ்சு, கிளை மெயினை விட கொஞ்சம் உயரத்துலேந்து இறங்குற மாதிரி. டீ செங்குத்து மெயின்ல சேர்றதுக்கு மட்டும்.

மெதுவாப் போகுது, ஆனா சத்தமும் இல்ல தேக்கமும் இல்ல

ரீமாடல் நடக்கிற வீட்டுல பைப்புக்குள்ள என்ன எல்லாம் விழும்னு நினைச்சுப் பார்க்கவே முடியாது: கலவை, டைல்ஸ் துண்டு, சிகரெட் பாக்கெட், துணி. வாயை பேப்பர் வச்சு அடைக்கிறது போதாது, பேப்பரே உள்ள போயிடும். எண்ட் கேப் போடுங்க, முதல் நாளே. சிமென்ட் தண்ணியை அந்த வாயில கழுவி ஊத்த விடாதீங்க, அது பைப் அடியில படிஞ்சு கல்லாயிடும், அப்புறம் கம்பி விட்டாலும் சுலபமா போகாது.

சுத்தமா இருந்தும் மெதுவான்னா டபுள் ட்ராப் இருக்கான்னு பாருங்க. கமோடுக்குள்ளயே ட்ராப் இருக்கு, வெளியில லைன்ல இன்னொரு ட்ராப் போட்டா ரெண்டுக்கும் நடுவுல காத்து மாட்டிக்கும், தண்ணி தயங்கித் தயங்கிப் போகும். ஒரு சாதனத்துக்கு ஒரு ட்ராப்தான்.

வாஷிங் மெஷின் வாய் மட்டும் பொங்குதுன்னா, மெஷின் பம்ப் தள்ளுற வேகத்துக்கு 2 இன்ச் பைப் வேணும், ட்ராப்புக்கு மேல நிக்கிற பைப் 18 இன்ச்சாவது உயரம் இருக்கணும்.

நாத்தம்

லைன் சாக்கடையோட ஏற்கனவே சேர்ந்திருந்து வாய்கள் திறந்திருந்தா நாத்தம் வரத்தான் செய்யும், மூடினா நிக்கணும். மூடியும் நிக்கலன்னா இடிச்ச இடத்துல விட்டுப்போன பழைய பைப் வாய் எங்கயோ இருக்கு. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, ஹைட்ரஜன் சல்ஃபைடு மூக்கை மரத்துப்போக வைக்கும், "நாத்தம் போயிடுச்சு"ன்னு உள்ளயே இருக்கிறவங்க சொல்றதை நம்பக்கூடாது, வெளியிலேந்து வர்றவங்களைக் கேளுங்க. ஜன்னலைத் திறந்து வச்சு வேலை செய்யுங்க.

எல்லாம் ஓடுது, ஆனா வாய் இருக்கிற இடம் பொருந்தல

எல்லா அளவும் முடிஞ்ச சுவர், முடிஞ்ச தரையிலேந்துதான். பூச்சு, பசை, டைல்ஸ் சேர்ந்தா 1 இன்ச்சைத் தாண்டிடும், வெறும் செங்கல்லேந்து அளந்தா கமோடு டேங்க் சுவர்ல இடிக்கும். தரையில இறங்குற கமோடுக்கு பரவலான அளவு சுவர்லேந்து 12 இன்ச், ஆனா எல்லா மாடலுக்கும் அது இல்ல, வாங்கப் போற மாடலோட அளவுத் தாளை வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கையில வாங்கிடுங்க. நடுக்கோட்டுலேந்து பக்கச் சுவருக்கு 15 இன்ச்சாவது விடுங்க, முழங்கால் இடிக்காம இருக்க. தரை ட்ராப்போட மேல் விளிம்பு டைல்ஸுக்கு மேல நின்னுட்டா தண்ணி அங்க போகவே போகாது, ரசமட்டத்தை வச்சு தரை வாட்டத்தோட சேர்த்து இப்பவே பாருங்க.

க்ளீன் அவுட்டும் (அடைப்பு எடுக்க விடுற வாய்) இதே கணக்குதான். மெயின் பைப் அடியிலயும் பெரிய திருப்பத்துலயும் டோர் பெண்ட் (திறக்கிற கதவு வச்ச வளைவு) இருந்தா மட்டும் போதாது, அந்தக் கதவு கேபினெட்டுக்குப் பின்னாடி மாட்டாம, கம்பி விட எதிர்ல ஒன்றரை அடி இடம் இருக்கணும்.

மூடுற நேரத்துல

ரெண்டு டெஸ்ட்டும் முடிஞ்சா ஒவ்வொரு சுவரையும் தரையையும் டேப்பை விரிச்சு வச்சு போட்டோ எடுங்க. அப்புறம் பிளக்கை மறுபடி போட்டு லைனை நிரப்பி, சுவர் மூடி முடியிற வரைக்கும் தண்ணியை அப்படியே உள்ள விட்டு வைங்க. ஷெல்ஃபுக்கு டிரில் போடுறவங்க, போர்டு ஸ்க்ரூ அடிக்கிறவங்க பைப்பைத் துளைச்சா அந்த நிமிஷமே தண்ணி வெளிய வரும், யார் எங்க துளைச்சாங்கன்னு தேட வேண்டியதில்ல. தினமும் காலையில வேலை ஆரம்பிக்கிறப்பவும் சாயங்காலம் முடியிறப்பவும் மேல போய் அந்த மார்க்கர் கோட்டைப் பாருங்க, மட்டம் கோட்டுக்குக் கீழ இருந்தா அன்னிக்கு மூடின பகுதியை அன்னிக்கே திறங்க.